கோல் அடித்தவர் படத்தில் இல்லை

அந்தக் கோலை நான் பார்க்கவில்லை. அது விழுந்த வருஷம் நான் வேறு ஏதோ ஊரில், ஏதோ ஓட்டலில் தட்டு கழுவிக்கொண்டிருந்திருப்பேன். ஆனாலும் அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. நேரில் பார்த்தவர்கள் அத்தனை பேரும் வேறு ஒருவர் பேரைச் சொன்னார்கள் என்பதுதான் காரணம்.

மரக்காணத்துக்கு நான் போனது 2004-ல், கோடை தொடங்கும்போது. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு ஒரு ஊரில் ஒரு வருஷம் தங்கினால் அதிகம். திருப்பூரில் பனியன் மூட்டை தூக்கினேன், எண்ணூரில் லாரி கிளீனர், கடைசியாகப் பாண்டிச்சேரியில் ஒரு குடோனில் பாட்டில் அடுக்கும் வேலை. அங்கே மேஸ்திரியோடு சண்டை. வடக்கே போகிற பஸ்ஸில் ஏறினேன். கூனிமேட்டைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே வெள்ளைவெளேர் என்று பாத்திகள் தெரிந்தன. இறங்கிக் கேட்டேன். ஆள் வேண்டும் என்றார்கள்.

உப்பள வேலையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. விடிவதற்கு முன்பே இறங்க வேண்டும். பாத்தியில் விளைந்த உப்பைப் பலகையால் வாரி வரப்பில் ஒதுக்க வேண்டும். தண்ணீர் வடிந்ததும் தலையில் சுமந்து மேட்டில் கொட்ட வேண்டும். அப்படிக் கொட்டிய குவியலை அம்பாரம் என்பார்கள். முதலில் பாதம் வெடிக்கும், வெடிப்பில் உப்பு ஏறும். போகப்போகத் தோல் தடித்துவிடும், பிறகு வலி தெரியாது. கண்ணெரிச்சல் மட்டும் எனக்குக் கடைசிவரை பழகவில்லை.

எனக்குப் பக்கத்துப் பாத்தியில் வாரியவரைத்தான் ஊரில் லெஃப்ட் விங் என்று கூப்பிட்டார்கள். நாற்பது வயதைத் தாண்டிய ஆள். ஒரு காலத்தில் ஊர் கால்பந்து கிளப்பில் இடது ஓரத்தில் ஓடியவர். அடக்கம் என்பது அவரிடம் மருந்துக்கும் கிடையாது. வேலை தொடங்கிச் சிறிது நேரத்தில் பழைய கப் போட்டியின் ஃபைனல் கதை ஆரம்பித்துவிடும். பாண்டிச்சேரி டீம், எல்லோர் காலிலும் பூட்ஸ். நம் ஆட்கள் வெறுங்கால். கடைசி நேரம், இரண்டு பக்கமும் கோல் இல்லை. நம் சென்டர் பார்வேர்டை இடறி விழச்செய்துவிட்டார்கள், பந்து தனியாக உருண்டது, இவர் ஓடிவந்து எடுத்தார், தாண்டினார், இடது காலால் அடித்தார். இவ்வளவுதான் கதை. ஆனால் தாண்டிய ஆட்களின் கணக்கு வாரத்துக்கு வாரம் கூடும். சித்திரையில் இரண்டு பேரைத் தாண்டினார். ஆடியில் கோல் கீப்பரையும் சேர்த்து ஐந்து பேர்.

வேலை முடிந்ததும் ஆண்கள் சைக்கிள் கடையில் கூடுவார்கள். அந்தக் கடைக்காரர் கிளப்பில் ஆடியவர் இல்லை. பந்துக்குக் காற்றடிப்பது, கோட்டில் கொடி பிடிப்பது, ஜெர்சிகளைத் துவைத்து மடித்து வைப்பது எல்லாம் அவர் வேலை. ஒரு மேட்ச் விடாமல் பார்த்தவர். கிளப்பின் பழைய நாட்களைக் கேட்க வேண்டுமென்றால் அவரிடம்தான் போக வேண்டும். டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டே பேசுவார். எந்த மேட்சில் யார் பெனால்டியை வெளியே அடித்தான், செங்கல்பட்டுக்கு லாரியில் போனபோது யார் வாந்தி எடுத்தான், தோற்றுப்போன ராத்திரி எந்த ஃபுல் பேக் சாப்பிடாமல் படுத்தான். எல்லோரும் சிரிப்பார்கள், கண்கூடக் கலங்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஃபைனல் கதை வரும்வரை. அந்தக் கதையில் கோல் அடிப்பவர் சென்டர் பார்வேர்ட்.

சென்டர் பார்வேர்ட் இப்போது குத்தகைக்காரர். நாங்கள் வாரிய பாத்திகளில் பெரும்பகுதி அவருடையது, அதற்கு முன்பு அவருடைய அப்பாவுடையது. சைக்கிள் கடைக் கதையின்படி அவர் விழுந்துகொண்டே இடது காலால் திருப்பி அடித்தார். ஒருநாள் நான் கேட்டேன், மற்ற எல்லாக் கதையிலும் அவருக்கு வலது கால்தானே, இடது கால் பஸ் ஏற மட்டும்தான் உதவும் என்று போன வாரம் நீங்கள்தானே சொன்னீர்கள் என்று. கடைக்காரர் பம்பை நிறுத்தினார்.

"ஏம்பா, நீ எந்த ஊரு?"

அதோடு என் கேள்வி முடிந்தது. மூலையில் பீடி பிடித்துக்கொண்டிருந்த லெஃப்ட் விங் எழுந்து, அதை அடித்தது நான் என்றார். கடை முழுக்கச் சிரிப்பு. "இன்னிக்கு எத்தினி பேரத் தாண்டினேபா?" என்றான் ஒருத்தன். "பாண்டி டீம்ல மீதி யாருனா இருந்தாங்களா?" என்றான் இன்னொருத்தன். அவரும் விடாமல் கத்தினார். கத்தக் கத்தச் சிரிப்புதான் கூடியது. அவர் கூட்டிச் சொன்னதெல்லாம் அவருக்கே எதிராகப் போனது. ஒரு மனிதன் தான் நிஜமாகவே செய்த காரியத்துக்குக் கொஞ்சம் ஜிகினா ஒட்டினால் அந்தக் காரியத்தையே இல்லை என்று சொல்லிவிடலாமா?

டிசம்பரில் கடல் உள்ளே வந்தது. கடற்கரைக் குப்பங்களில் ஆட்கள் போனார்கள். கழிமுகத்து வழியாக ஏறிய தண்ணீர் பாத்திகளின் வரப்பைக் கரைத்தது. மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் முழங்கால் அளவு சேறு நின்றது. நாங்கள் முதலில் பிணம் தூக்கினோம், பிறகு சேறு தூக்கினோம், பிறகு வரப்பு போட்டோம். பந்து விளையாட இடம் இல்லாமல் போனதால் கிளப்பில் பேச்சு மட்டும்தான் மிச்சம் இருந்தது. சைக்கிள் கடையில் கூட்டம் முன்பைவிட அதிகமானது. வீடு போனவர்கள்கூட வந்து உட்கார்ந்து பழைய மேட்ச் கதை கேட்டார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த நாட்களில் வேறு எதைப் பேசுவது?

அடுத்த வருஷம் ஒரு தொண்டு நிறுவனம் வந்து மைதானத்தைச் சரிசெய்து கொடுத்தது. புதுக் கோல் போஸ்ட், வலை, ஓரத்தில் ஒரு சிமெண்டு மேடை. சுதந்திர தினத்தன்று சாயங்காலம் மைதானத் திறப்பு விழா என்றும், அன்றைக்குப் பழைய ஃபைனல் டீமின் பதினோரு பேரையும் மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துவார்கள் என்றும் கோயிலில் பூசை முடிந்ததும் அறிவித்தார்கள்.

அன்றிலிருந்து லெஃப்ட் விங் பாத்தியில் கதை சொல்வதை நிறுத்திவிட்டார். அதுவே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. ஒருநாள் சுமை இறக்கிவிட்டு நின்றபோது அவராகவே சொன்னார்.

"சால்வை கெடக்குது. மைக்குல பேரச் சொல்லணும். எம் பொண்ணு முன்னாடி வரிசைல குந்தியிருப்பா."

அவர் கேட்டது அவ்வளவுதான். மைக்கில் ஒரு தடவை பேர்.

எனக்கு இதில் என்ன என்று யாராவது கேட்கலாம். எனக்கு ஒன்றும் இல்லை. நான் வேலை செய்த எத்தனையோ இடங்களில் என் பேரைக்கூட யாரும் கேட்டதில்லை, அது எனக்குப் பழகிவிட்டது. ஆனால் ஒருத்தன் பேரைத் தெரிந்துகொண்டே சொல்லாமல் விடுவது வேறு.

சைக்கிள் கடைக்குப் போனேன். விழாவுக்கு ஆட்களின் பேரைக் கொடுத்தது கடைக்காரர்தான். அதில் லெஃப்ட் விங் பேர் உண்டா என்று கேட்டேன். அவர் என்னைச் சுவர்ப்பக்கம் கூட்டிப்போனார். அங்கே ஃபைனல் அன்று எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் மாட்டியிருந்தது. உப்புக் காற்றில் ஓரமெல்லாம் பூத்துப்போயிருந்தது. முன்வரிசையில் முட்டி போட்டவர்கள், பின்வரிசையில் நிற்பவர்கள், நடுவில் கப்பைப் பிடித்துக்கொண்டு சென்டர் பார்வேர்ட். மொத்தம் பதினோரு தலை. அதில் லெஃப்ட் விங் இல்லை.

"நீயே பாரு. இதுல இல்லாதவன எப்டி மேடைல ஏத்தறது?"

நான் பார்த்தேன். பின்வரிசைக் கடைசியில், காது விடைத்தபடி, கடைக்காரரே நின்றிருந்தார்.

நீங்கள் ஆடவில்லையே என்றேன். கடைசியில் கொஞ்ச நேரம் இறங்கினேன் என்றார். அவர் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. அதுதான் இன்னும் மோசம். சுவரில் அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து, தான் இறங்கியதாகவே நம்பிவிட்டிருந்தார். பதினொன்றாவது பொன்னாடை அவருக்கு.

அன்றைக்கு இரவு லெஃப்ட் விங்கிடம் கேட்டேன், படம் எடுக்கும்போது எங்கே போய்த் தொலைந்தீர்கள் என்று. அவர் என்னை முட்டாளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஃபைனல் முடியும்போது தெற்கே மேகம் திரண்டுவிட்டது, அம்பாரமெல்லாம் திறந்து கிடந்தது, மற்ற ஆட்டக்காரர்களைப் போட்டோக்காரர் நிறுத்திக்கொண்டார், நான் கூட்டத்தோடு ஓடிப்போய்த் தென்னங்கீற்று போட்டு மூடினேன், வேறென்ன செய்வார்கள் என்றார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்த ஊரில் மழை வருகிற மாதிரி இருந்தால் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. கல்யாணப் பந்தியில் இருப்பவன் இலையை விட்டு எழுவான், பூசையில் இருப்பவன் முட்டிபோட்ட இடத்திலிருந்து எழுவான். அம்பாரம் யாருடையது என்று பார்க்காமல் கிட்டே இருப்பதை மூடுவார்கள். மழை கரைத்தால் ஒரு சீசன் உழைப்பும் பாத்தித் தண்ணீரோடு போகும். மூடுகிற வேலைக்குக் கூலி கிடையாது. கேட்டதாகவும் யாரும் சொன்னதில்லை.

யாருடைய அம்பாரத்தை மூடினீர்கள் என்று கேட்டேன். சென்டர் பார்வேர்டின் அப்பா பேரைச் சொன்னார். சாதாரணமாகச் சொன்னார். நான்தான் எழுந்து வெளியே போய் நின்றேன். கோல் அடித்தவர் அவர்கள் வீட்டு உப்பை மூட ஓடியிருக்கிறார். உப்புக்குச் சொந்தக்காரன் வீட்டுப் பிள்ளை கப்பைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றிருக்கிறார்.

மறுநாள் கடையில் இதைச் சொன்னேன். அம்பாரம் மூடப் போனால் சேற்றோடு வந்து நின்றிருப்பானே, படத்தில் ஓரமாகவாவது இருப்பானே என்று வாதாடினார்கள். மூடி முடிக்காமல் யாரும் திரும்புவதில்லை என்று தெரிந்தும், உப்பளத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள் பேசுகிற பேச்சா இது?

விழா அன்று லெஃப்ட் விங் வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. இருந்தும் முன்வரிசையில் மகளோடு உட்கார்ந்தார். மேடையில் மாதா கோயில் சாமியார், நிறுவனத்து ஆட்கள், குத்தகைக்காரர். மைக் பிடித்த பெண் நகரத்து ஆள், ஒவ்வொரு பேரையும் அழகாகச் சொன்னாள். குத்தகைக்காரருக்குப் போர்த்தும்போது, விழுந்துகொண்டே கோல் அடித்தவர் என்று அறிமுகம். அவர் மறுக்கவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டு நின்றார். அவர் எப்போதுமே அப்படித்தான். ஒரு பொய்யைக்கூடத் தன் வாயால் சொன்னதில்லை, மற்றவர்கள் சொன்னார்கள், அவர் வைத்துக்கொண்டார். கப்பும் அப்படித்தான் அவர் வீட்டு டிவி மேல் போய் உட்கார்ந்தது.

கடைசியாக சைக்கிள் கடைக்காரர் ஏறினார். அவர் தோளில் சால்வை விழுந்த சமயத்தில் காற்று திரும்பியது. ஈர மண் வாசனை வந்தது. நான் தெற்கே பார்த்தேன், வானம் கறுத்திருந்தது. அதற்குள் பின்னாலிருந்த நாற்காலிகள் கீச்சிட்டன. பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தார்கள், பிறகு ஓடினார்கள். மைக்கில் அந்தப் பெண் தயவுசெய்து உட்காருங்கள், ஷாமியானா இருக்கிறது என்று கெஞ்சினாள். நாங்கள் நனைவதற்குப் பயந்து ஓடுகிறோம் என்று நினைத்திருக்கிறாள். லெஃப்ட் விங் போய்விட்டிருந்தார். கடைக்காரரும் மேடையிலிருந்து குதித்து, சால்வையோடு ஓடினார். அவர் மனைவி உப்பளத்து ஆள், மூடுகிற வேலை கடைக்காரருக்கும் பழக்கம். குத்தகைக்காரர் மேடையில் இருந்தார். உப்பு அவருடையது, அவர் மட்டும் நகரவில்லை.

நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரு பெரிய அம்பாரத்தைப் பிடித்தோம். கீற்றுக் கட்டுகளை மேலே வீசுவதும், கயிறு இழுப்பதும், கல் வைப்பதுமாக இருந்தோம். தூறல் ஆரம்பித்தது. லெஃப்ட் விங் உச்சியில் நின்று கீற்றைப் பரப்பினார். இறங்கும்போது வழுக்கி, உப்பும் சேறுமாக வரப்பில் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை போன இடம் தெரியவில்லை. கயிற்றைப் பிடித்திருந்த கடைக்காரர் அதைப் பார்த்துச் சட்டென்று எரிந்து விழுந்தார்.

"டேய், அன்னிக்கும் இப்டித்தான். கழட்டி வச்சிட்டு ஏற்னா இன்னாடா? எத்தினி தபா தொவச்சும் கறை போவல."

கயிறு இழுத்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. லெஃப்ட் விங் வரப்பில் உட்கார்ந்தபடியே நிமிர்ந்தார்.

"எந்தச் சட்ட?"

கடைக்காரர் கயிற்றை மறுபடி இழுத்தார்.

"எந்தச் சட்டடா? எதத் தொவச்சே?"

"ஜெர்சி," என்றார் கடைக்காரர். குரல் இறங்கிவிட்டது. "ஃபைனல் ஜெர்சி."

பிறகு அவராகவே சொன்னார், மழையில் நின்றபடி. கோல் அடித்த ஜெர்சியோடு இவன் அம்பாரத்தில் ஏறினான். மறுநாள் சேறும் உப்பும் ஊறிய துணியைக் கொண்டுவந்து கொடுத்தான். ஊரெல்லாம் வசூல் செய்து தைத்த ஜெர்சி. கடைக்காரர் எல்லோர் முன்னாலும் திட்டினார், புது ஜெர்சி கொண்டுவந்துவிட்டு மைதானத்தில் கால் வை என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு லெஃப்ட் விங் ஆட வரவில்லை. இத்தனை வருஷமாகக் கடைக்காரரின் மனதில் கோல் இல்லை, கறை மட்டும் இருந்திருக்கிறது. துணியில் போகாத கறை. அதைப் பிடித்து இழுத்ததும் மற்றதும் கூடவே வந்துவிட்டது.

யாரோ ஒருத்தன், அப்போ நீ எறங்கலையா என்று கடைக்காரரைக் கேட்டான். அவர் தோளில் நனைந்து தொங்கிய சால்வையைப் பார்த்தார்.

லெஃப்ட் விங் எழுந்து நின்றார். நான் அடி விழும் என்று நினைத்தேன். விழுந்திருந்தால் நான் தடுத்திருக்கவும் மாட்டேன்.

"இங்க சொல்லாத," என்றார். "மேடைல சொல்லு."

கடைக்காரர் போனார். நாங்கள் அடுத்த அம்பாரத்துக்கு நகர்ந்தோம், மழை காத்திருக்காது. கொஞ்ச நேரம் கழித்துக் குழாய் ஸ்பீக்கரில் கரகரப்பு கேட்டது. உப்பளத்தில் சத்தத்தை மறிக்க ஒரு மரம் கிடையாது, கோயில் பக்கம் பேசினால் கடைசிப் பாத்தி வரைக்கும் கேட்கும். கடைக்காரர் குரல் மூச்சு வாங்கியது. அந்த ஃபைனலில் தான் ஆடவில்லை என்றார். கோல் அடித்தது சென்டர் பார்வேர்ட் இல்லை என்றார். லெஃப்ட் விங்கின் பேரை, அப்பா பேரோடு சேர்த்துச் சொன்னார். இரண்டு பேரைத் தாண்டி, இடது காலால் அடித்தான், நான் கோட்டில் கொடியோடு நின்று பார்த்தேன் என்றார். இந்தச் சால்வை என்னுடையது இல்லை என்றார். பிறகு மைக் கீச்சென்று கத்தி நின்றது.

கைதட்டல் கேட்கவில்லை. எப்படிக் கேட்கும்? கைதட்ட வேண்டியவர்கள் எல்லோரும் பாத்தியில் கீற்றும் கயிறுமாக நின்றார்கள். மைதானத்தில் இருந்தது காலி நாற்காலிகளும், மழை நின்றால் போதும் என்று காத்திருந்த வெளியூர் விருந்தாளிகளும். முன்வரிசையில் லெஃப்ட் விங்கின் மகள் மட்டும் அப்பா எழுந்துபோன நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

லெஃப்ட் விங் கயிற்றை முடிச்சுப் போட்டபடி அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் மழையும் உப்பும் வழிந்தன.

"ரெண்டு பேராம். நாலு பேருடா. கண்ணு தெரியாதவன் கொடி புடிச்சா இப்டித்தான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள், இந்தத் தடவை அவரோடு சேர்ந்து. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் குத்தகைக்காரர் பைக்கில் வந்தார். நனையாமல் தப்பிய அம்பாரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். முகம் நிறைந்திருந்தது. லெஃப்ட் விங்கைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தி, "யாரு அடிச்சா இன்னாபா, கப்பு ஊருக்குத்தானே வந்துது," என்றார். அப்படியானால் உங்கள் டிவி மேல் ஏன் இருக்கிறது என்று நான் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் பக்கத்தில் நின்ற உப்பள மேஸ்திரியைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவருடைய பாத்தியில் எனக்கு வேலை இல்லை. வேறு ஒருவர் பாத்தியில் இறங்கினேன், எனக்கு அது பெரிய விஷயம் இல்லை.

சைக்கிள் கடையில் இப்போது கதையில் லெஃப்ட் விங்தான் கோல் அடித்தார். படத்தைக் கடைக்காரர் கழற்றவில்லை, ஆனால் தன்னைக் காட்டும்போது கொடி பிடித்தவன் என்று சொன்னார். லெஃப்ட் விங் தினமும் வந்து நாலு பேர் என்று திருத்தினார். கப் டிவி மேலேயே இருந்தது. போய்க் கேட்போம் என்று நான் சொன்னேன். விடுபா, பேரு வந்திருச்சு இல்ல என்றார்கள். லெஃப்ட் விங்கும் அதையேதான் சொன்னார்.

நான் 2006 தொடக்கத்தில் அந்த ஊரை விட்டேன். அதற்கு முன்னால், புரட்டாசியில் ஒரு சாயங்காலம், புது மைதானத்தில் பழைய ஆட்டக்காரர்களுக்குள் ஒரு சும்மா மேட்ச் வைத்தார்கள். லெஃப்ட் விங்கையும் சேர்த்துக்கொண்டார்கள். புது ஜெர்சி. இடது ஓரத்தில் பந்து காலில் ஒட்டிக்கொண்டு வந்தது, ஒருத்தரைத் தாண்டினார். அப்போது தெற்கே இடித்தது. அவர் பந்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு உப்பளத்தைப் பார்த்து ஓடினார். முதல் ஆளாக ஓடியவர் அவர்தான். குத்தகைக்காரரின் அம்பாரம்தான் மைதானத்துக்குக் கிட்டே இருந்தது.

"ஜெர்சியக் கழட்டுடா," என்று கோட்டிலிருந்து கடைக்காரர் கத்தினார். லெஃப்ட் விங் அதைக் கழற்றி வீசிவிட்டு ஓடினார். நான் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன், வயிற்றெரிச்சலோடு. பிறகு நானும் ஓடினேன்.